மாமாவின் கம்ப்யூட்டருக்கு எந்தப் பதிப்பு

திரையில் மூன்று வட்டங்கள் இருந்தன. ஹோம், ப்ரோ, எஜுகேஷன் என்று புது சிஸ்டத்தின் மூன்று பதிப்புகள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போவேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. மாப்பிள்ளை மவுஸைத் தொட்டான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான்.

பின்னே என்ன செய்வான்? நாற்காலிக்குப் பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். சிறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் இன்னும் சாவிக்கொத்து தொங்கியது. படுக்கப் போகும்முன் வீட்டில் இருப்பவர்களை எண்ணிப் பார்ப்பார். இருப்பதே அவரும் மாமியாரும்தான். அதையும் இரண்டு தடவை எண்ணுவார்.

"என்ன மாப்பிள்ளை, முழிக்கிறீங்க?"

"முழிக்கல மாமா. யோசிக்கிறேன்."

"கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறீங்க. இதுக்குப் போய் யோசிக்கணுமா?"

கம்ப்யூட்டர் கம்பெனி என்பது சத்தியமான உண்மை. கல்யாணம் பேசும்போது யாரோ அப்படிச் சொல்ல, மாமனார் தலையாட்ட, பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. இவனும் வாயைத் திறக்கவில்லை. அவன் அங்கே பார்ப்பது ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்களை. எந்த பஸ் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எந்த டிரைவர் திங்கட்கிழமை லீவு போடுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டரில் அவனுக்கு ஒழுங்காகத் தெரிந்தது அதை அணைப்பது மட்டும்தான்.

மனைவிக்கு விஷயம் தெரியும். "பொய் சொன்னவங்களை அப்பா மன்னிச்சதே இல்ல. அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

தலையை ஆட்டிவிட்டு வருகிற வேலையா இது? அந்தக் கம்ப்யூட்டருக்குள் மாமனாரின் புத்தகம் இருந்தது. 'நான் பூட்டிய பூட்டுகள்' என்று தலைப்பு. அவருடைய வாழ்க்கை வரலாறு, நாலு வருஷ உழைப்பு. தினமும் சாப்பாடு முடிந்ததும் மாமியாரை எதிரில் உட்காரவைத்து, அன்றைக்கு எழுதியதை உரக்க வாசிப்பார். நடுவில் எழுந்துபோக அனுமதி கிடையாது. மாமியார் ஒருமுறை ஆசையாகச் சமைத்து அனுப்பியதைச் சாப்பிட்ட கைதிகள், மறுநாள் மொத்தமாக உண்ணாவிரதம் இருந்த சம்பவம் ஒன்பதாம் அத்தியாயம். அச்சானதும் சொந்தபந்தம் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுப்பதாக ஏற்பாடு.

"காப்பி ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா மாமா?"

"ரெண்டு கதவு வெச்சா ரெண்டு காவல் போடணும். ஒரே இடம், ஒரே பூட்டு. நாளைக்கு அச்சகத்துக்காரர் நேர்ல வந்து வாங்கிட்டுப் போறார்."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர், உங்கள் சிஸ்டம் பழையதாகிவிட்டது, இனி பாதுகாப்பு இல்லை என்று திரையில் காட்டிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு இல்லை என்பதைப் படித்ததிலிருந்து மாமனாருக்குத் தூக்கம் போயிற்று.

"எதிர்வீட்டு இன்ஜினீயரைத்தான் கூப்பிடலாம்னு இருந்தேன். உங்க அத்தைதான், நம்ம வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது அடுத்தவங்க எதுக்குன்னு ஒத்தைக் கால்ல நின்னா."

தன் பேர் அடிபட்டதும் மாமியார் டீயோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஒண்ணும் போயிடாதுல்ல மாப்பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

"போகாது அத்தை." பாவம், அவருக்கும் எவ்வளவு பயம் இருக்கும் என்று நினைத்தான்.

"சரி, இந்த மூணுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மாமனார்.

"ஹோம்னா வீட்டுக்கு மாமா. வீட்ல சும்மா இருக்கிறவங்க போட்டுக்கிறது."

"சும்மா இருக்கிறவங்களா?"

மாமனாரின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

"அது உங்களுக்கு இல்ல மாமா. உங்களுக்கு ப்ரோ. பெரிய அதிகாரிங்க எல்லாம் அதைத்தான் போடுவாங்க."

"அப்ப அதைப் போடுங்க."

ப்ரோவை அமுக்கினான். உடனே கம்ப்யூட்டர் நீளமாக ஒரு கட்டத்தைக் காட்டி, சாவி எண்ணைக் கொடு என்றது.

"சாவி கேக்குது மாமா."

மாமனார் இடுப்பிலிருந்து கொத்தை உருவினார். "எது?"

"இது அந்தச் சாவி இல்ல மாமா. எழுத்தும் நம்பருமா இருக்கும். வாங்கின கடையில குடுத்திருப்பாங்க."

"கடையை மூடிட்டுப் போயிட்டான். சாவி இருக்கா இல்லையான்னு தெரியாமயா பூட்டுல கை வெச்சீங்க?"

மாப்பிள்ளை கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். நல்லவேளை, மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் முடி வெட்டிட்டு வந்துடறேன். பின்னட்டைக்குப் படம் எடுக்கணும். வரும்போது புது சிஸ்டத்துல என் புத்தகம் திறந்திருக்கணும்."

போகும்போது பழக்கதோஷத்தில் வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

பூட்டுச் சத்தம் அடங்கியதும் மாப்பிள்ளை போனை எடுத்தான். கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நண்பன் ஒருவன் உண்டு. எல்லோரும் அவனை வயர் என்றே கூப்பிடுவார்கள்.

"வயரு, ப்ரோ போட்டேன், சாவி கேக்குதுடா. என்னடா பண்ண?"

"அவ்ளோதானா? பின்னாடி போய் ஹோம் போடு. அதுக்கு இப்போதைக்குக் கேக்காது."

பின்னாடி போய் ஹோம் போட்டான். கேட்கவில்லை. உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றான் வயர். "முதல்ல அதுல எது இருக்குன்னு பாத்துக்கோ. ஏற்கெனவே ப்ரோ இருந்து, நீ ஹோமுக்கு இறங்கினேன்னா..."

காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பதறிப்போய் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். வந்தது மாமியார்தான். கையில் இன்னொரு டீ.

"யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

"ஆபீஸ்ல ஒரு பையனுக்குச் சந்தேகம் அத்தை. சொல்லிக் குடுத்தேன்."

"ஓ," என்றார் மாமியார். போகாமல் அங்கேயே நின்றார்.

அடுத்த திரை, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. எல்லாவற்றையும், கோப்புகளை மட்டும், எதுவும் வேண்டாம் என்று மூன்று வரிகள். முதல் இரண்டும் மங்கிக் கிடந்தன. அமுக்கினால் அசையவில்லை. மூன்றாவது மட்டும் பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளைக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஒன்றுதான் இருக்கிறதென்றால் தப்பாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை அல்லவா? அமுக்கினான்.

கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஓடியது. அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் திரை விடிந்தது. அழகான ஏரி, பின்னால் மலை. மலையின் ஓரத்தில் ஒரே ஒரு குப்பைத்தொட்டி. வேறு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை இங்கே தேடினான், அங்கே தேடினான். பூட்டுகள் என்று அடித்துத் தேடினான். நான் என்றுகூடத் தேடினான். குப்பைத்தொட்டியைத் திறந்தான். அதிலும் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. இடம் போதவில்லை, பழைய பதிப்பை நீக்கிவிடலாமா? கீழே இரண்டு பொத்தான்கள், நீக்கு, பிறகு.

விரல் நடுவில் நின்றது. பழைய பதிப்புதான் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதோ? அதை எடுத்தால் புத்தகம் வெளியே வருமோ? இல்லை, இதைத் தொடவே கூடாதோ?

"அதான் புதுசு வந்துடுச்சே," என்றார் மாமியார் அமைதியாக. "பழசு எதுக்கு அடைசலா? நீக்கிடுங்க மாப்பிள்ளை."

பெரியவர் சொல்கிறாரே என்று அமுக்கினான். மாமியார் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மாப்பிள்ளை வயரை மறுபடி கூப்பிட்டான்.

"ஏன்டா பாதியில வெச்சே? ஹோம் போட்டா உள்ள இருக்கிறது நிக்காதுன்னு சொல்ல வந்தேன்."

"நிக்கலடா. ஒண்ணுமே இல்ல."

"பதறாதே. பழசெல்லாம் கொஞ்ச நாளைக்கு ஒரு மூலையில பத்திரமா இருக்கும். நான் வந்து எடுத்துத் தர்றேன். பழைய பதிப்பை நீக்கவான்னு ஒண்ணு கேக்கும், அதை மட்டும் தொட்டுடாதே."

மாப்பிள்ளை போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான்.

"தொட்டுட்டியா?"

மறுபடி பழைய காதுக்கே மாற்றினான்.

"நான் அப்புறம் கூப்பிடறேன்," என்று வயர் போனை வைத்துவிட்டான்.

நாலு வருஷம். ஒரே இடம், ஒரே பூட்டு. முடியை வெட்டிக்கொண்டு, முகத்தை மழித்துக்கொண்டு, பின்னட்டைக்குத் தயாராக அந்த மனிதர் வந்துகொண்டிருப்பார். ஜன்னலைப் பார்த்தான். விரலளவு கனத்தில் கம்பி. பின்கதவு இருக்குமோ என்று நினைத்தவனுக்கு, இரண்டு கதவு வைக்காத வீடு என்பது ஞாபகம் வந்தது.

ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. சமையலறை வாசலில் போய் நின்றான்.

"அத்தை, புத்தகம் போயிடுச்சு."

மாமியார் அடுப்பை அணைத்தார். "முழுசாவா?"

"முழுசா."

"ஒன்பதாவது அத்தியாயம்?"

"அதுவும்தான் அத்தை." சொல்வதைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றிவிட்டது. "தப்பு என்மேலதான். எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியாது. நான் கம்பெனியில பஸ் பாக்குறவன். இத்தனை நாளா மறைச்சுட்டேன். மாமா என்னை என்ன வேணா பண்ணட்டும்."

வாசலில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. "உள்ள யார் யார் இருக்கீங்க?" என்று மாமனாரின் குரல் ஆள் கணக்கு எடுத்தது.

மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான். மாமியார் புதிதாகப் போட்ட டீயை அவன் கையில் கொடுத்து, டம்ளர் நடுங்காமல் தன் கையால் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் மாப்பிள்ளை," என்றார். "கம்ப்யூட்டர் தெரிஞ்சவரா இருந்தா உங்களைக் கூப்பிடச் சொல்லியிருப்பேனா?"