பம்புக்குப் போட்ட மாலை

மாப்பிள்ளைக்கு விருந்து போடலாம், வேட்டி எடுத்துக் கொடுக்கலாம், மனசு வந்தால் மோதிரம்கூடப் போடலாம். பொறுப்பு மட்டும் கொடுக்கக் கூடாது. நானும் ஒரு மாப்பிள்ளைதான் என்பதால் இதை வயிற்றெரிச்சலில் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் பொறுப்பைக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கரமனையில் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள். வேண்டுமானால் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

மாமனாருக்குப் பழவங்காடியில் பூஜை சாமான் கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த அவருடைய அப்பா போட்டது. கற்பூரம், சாம்பிராணி, திரி, விளக்கு என்று வருஷம் பூராவும் மெல்ல உருளும் வியாபாரம், நவராத்திரி வந்தால்தான் எழுந்து ஓடும். காரணம் கொலு பொம்மை. அந்தச் சில வாரங்களை நம்பித்தான் மற்ற மாதங்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். இங்கே ஒரு ஆபீஸில் மெயிலுக்குப் பதில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு மகன் இல்லை என்பதாலும் என் மேனேஜருக்கு இதயம் இல்லை என்பதாலும் வேலையை விட்டுவிட்டுக் கடையில் சேர்ந்தேன். "அவருக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்று மீனா தன் அப்பாவிடம் ஜாமீன் கொடுத்திருந்தாள். (மீனா என் மனைவி. நல்லவள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.)

சேர்ந்தவன் கற்பூரம் எடை போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ ஏதாவது ஒன்றைத் திருத்தியாக வேண்டும். பொம்மைகளை எப்போதும் கடையின் மச்சில்தான் அடுக்குவார்கள். ஏணி வைத்து ஏற்றி, ஏணி வைத்து இறக்கி, வருஷத்துக்கு நாலு கிருஷ்ணருக்காவது புல்லாங்குழல் உடையும். கரமனையில் மாமா வீடு சரிவில் கட்டியது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்பக்கம் போனால் கீழே இன்னொன்று. அந்தப் பேஸ்மென்ட் பழைய பாய்களும் ஒரு தையல் மிஷினுமாக வீணாகக் கிடந்தது.

"பொம்மையெல்லாம் இங்க இறக்கிருவோம் மாமா" என்றேன்.

"கீழ வெள்ளம் கேறும் மாப்பிள்ள" என்றார் மாமா. "மழை பெஞ்சா செவுத்துல இருந்து ஊத்தெடுக்கும் கேட்டியளா. வாளி வச்சு கோரி எறச்சு நடு ஒடிஞ்சு போச்சு எனக்கு."

"அதுக்குத்தானே மாமா பம்ப் இருக்கு!"

மாமா பேஸ்மென்ட் சாவியை என் கையில் கொடுத்து, "அப்பம் இது ஒங்க பொறுப்பாக்கும்" என்றார்.

அன்று முதல் நான் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. மூலையில் ஒரு குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரெல்லாம் அதில் வடியும்படி செய்து, அதற்குள் பம்பை உட்கார வைக்க வேண்டும். எந்தப் பம்ப்? குழிக்கு மேலே நிற்பதா, உள்ளே முழுகியிருப்பதா? தண்ணீரை ரோட்டோரச் சாக்கடை உயரத்துக்குத் தள்ளுமா? தள்ளிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் குழாயில் வால்வு உண்டா? முதல் தூறலிலேயே கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டர் தாங்குமா? சேறு ஏறாமல் பம்பை செங்கல் மேல் வைக்க வேண்டும், குப்பை விழாமல் குழிக்கு மூடி போட வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை வாளித் தண்ணீரை ஊற்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் விளக்குவேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல பாதியாவது விசாரிச்சீங்களா?" என்று மீனா கேட்டாள். அத்தை (மாமியார்) மட்டும் மரியாதைக்கு "உம்" கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள்.

கடைசியில் முழுகும் ரகத்தில் ஒன்று வாங்கினேன். அதன் பக்கத்தில் வயரில் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வரும், மோட்டார் தானாக ஓடும். வடிந்தால் மிதவை இறங்கும், மோட்டார் நிற்கும். ஆள் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். "ஓடுறதே தெரியாது சார், அவ்வளவு சைலன்ட்" என்று கடைக்காரர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கடை மச்சிலிருந்த பொம்மைகளைப் பேஸ்மென்ட் தட்டுகளில் அடுக்கி முடித்தபின், வியாழக்கிழமை பிளம்பர் வந்து மாட்டினார். வாளித் தண்ணீரை ஊற்றினோம். மிதவை எழுந்தது, பம்ப் உறிஞ்சியது, தெருவில் தண்ணீர் கொட்டியது. நான் கைதட்டினேன். தனியாகத்தான்.

அப்போதுதான் மாடிப்படியில் நின்ற அத்தை கேட்டாள்: "புது மிஷினு. பூசை போடாமலா ஓட்டுதிய?"

நியாயமான கேள்வி. பூஜை சாமான் விற்றுச் சாப்பிடும் குடும்பத்தில் பூஜை போடாத மிஷினா? சும்மா ஒரு சூடம் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கும் சந்தர்ப்பத்தை நான் சூடத்தோடு விடுகிறவனா? "வண்டிக்குப் போடுற மாதிரி கோயில்லயே போட்டுருவோம் அத்தை" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாட்டிய பம்பைக் கழற்றி, துடைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனேன். முன்னால் ஒரு புத்தம்புதுக் கார். பின்னால் ஸ்கூட்டரோடு ஒரு பெண். நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என் பம்ப்.

"சேட்டா, இது ஏது வண்டியா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பம்ப்" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். (வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. சிரிப்பதற்காக மாட்டியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.) சக்கரத்தடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தேங்காய் உடைத்தேன். பம்புக்குச் சந்தனம், குங்குமம், கழுத்து நிறைய ஒரு செண்டுமல்லி மாலை. பம்புக்குக் கழுத்து எது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது, சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து திரும்ப மாட்டும்போது மாலையைக் கழற்றப் போனேன். "வெள்ளிக்கெழமை போட்ட மாலையை வெளக்கு வைக்கதுக்கு முன்னால எடுக்கப்பிடாது மாப்பிள்ள" என்றாள் அத்தை. சரி, சாயங்காலம் வரைக்கும்தானே. ஆனால் பூ பம்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால்? நான்தான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே. மாலையைப் பம்பைச் சுற்றி இறுக்கிச் சுற்றினேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த மிதவை பூவை நசுக்குமே என்று அதன் வயரையும் சேர்த்து அணைத்து, வாழைநாரால் நல்ல முடிச்சாகப் போட்டேன். ஒரு இதழ் உதிரவில்லை. திருப்தியாக மூடியைப் போட்டு மூடினேன்.

(ஆமாம், அதேதான். நீங்கள் இப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று.)

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பூவாளியில் ஊற்றுவது போல ஆரம்பித்து, அண்டாவைக் கவிழ்ப்பது போல ஆயிற்று. மூன்று மணிவாக்கில் வித்துராவிலிருந்து சசிதரன் என்ற வியாபாரி குடையோடு வந்து சேர்ந்தார். அவருடைய கடைக்கு வருஷாவருஷம் சரஸ்வதி பொம்மைகள் மாமாவிடம்தான் எடுப்பார். போனக்காடு எஸ்டேட் வரைக்கும் அவர் கடைப் பொம்மை போகும். மாமாவுக்கு அவர் முக்கியமான ஆள்.

மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ ஒண்ணு போய் நோக்கிட்டு வரவா?"

"எதுக்கு மாமா? உக்காருங்க" என்றேன். "சத்தம் ஏதாவது கேக்கா?"

மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒண்ணும் கேக்கல்லியே."

"அதுதான் மாமா குவாலிட்டி!"

சசிதரனும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சரியாணு. ஒரு ஒச்சையும் இல்லல்லோ" என்று வியந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். வால்வு, இன்வெர்ட்டர், செங்கல், மூடி. அத்தை பழம்பொரி கொண்டுவந்தாள். இரண்டாவது டீயும் வந்தது. கீழே அந்தப் பம்ப் மாலையும் கழுத்துமாகத் தண்ணீருக்குள் சும்மா உட்கார்ந்திருக்க, மேலே அதன் அமைதியை நான் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"இனி பொம்மை காணாமோ?" என்று பொம்மைகளைப் பார்க்க எழுந்தார் சசிதரன்.

கதவைத் திறந்து நான்தான் முன்னால் இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே தரையைக் காணவில்லை. செம்மண் கலங்கிய தண்ணீர் கணுக்காலைத் தாண்டும் உயரத்துக்கு நின்றது. அதில் காகிதக்கூழ்ப் பிள்ளையார் ஒருவர் மல்லாந்து மிதந்து, மெதுவாகத் திரும்பி, கடைசிப் படியில் வந்து மோதினார்.

"பகவான் தன்னே இறங்கி வந்நல்லோ" என்றார் சசிதரன், கையெடுத்துக் கும்பிட்டபடி.

தண்ணீரில் காலை வைக்கப் போன என்னை மாமா சட்டையோடு பிடித்து இழுத்தார். "கரண்ட் கெடக்கு! மெயின ஆஃப் ஆக்கு மீனா, இன்வெர்ட்டரயும் ஆக்கு!" மீனா ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கையில் டார்ச்சோடும் கத்தரிக்கோலோடும் வந்தாள். கத்தரிக்கோல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி மூடியைத் தூக்கினாள். டார்ச் வெளிச்சத்தில் செண்டுமல்லி பளிச்சென்று தெரிந்தது. அதன் அணைப்பில் மிதவை, எழ முடியாமல்.

"இதைக் கட்டினது யாரு?" என்றாள் மீனா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கத்தரிக்கோலை வைக்கப் போனவளை, "நில்லுட்டி!" என்று மேலிருந்து அத்தை கத்தினாள். "வெளக்கு வைக்கல்ல!" அவ்வளவுதான், அத்தை பூஜை அறைக்கு ஓடினாள். நாங்கள் தண்ணீரில் நின்றோம். தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது போலிருக்கிறது, உரசும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு மணியடிக்கும் சத்தம். "வெச்சாச்சு! இனி எடுக்கலாம்!" என்று குரல் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே அந்தி வந்துவிட்டது.

மீனா நாரை வெட்டினாள். அமுக்கிப் பிடித்திருந்த பந்தை விட்டது போல மிதவை துள்ளி மேலே வந்தது. எல்லாரும் படியேறி நின்றபின் இன்வெர்ட்டரைப் போட்டோம். பம்ப் ஓட ஆரம்பித்தது. அது நல்ல பம்ப்தான். தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன். "பாத்தீங்களா மாமா, என்ன வேகம்!"

தண்ணீர் வடிந்ததும் மாமா தட்டுதட்டாகப் பார்த்துக்கொண்டே போனார். மேல்தட்டுகளில் இருந்ததெல்லாம் தப்பித்துவிட்டது. சசிதரனின் சரஸ்வதிகளும் தப்பித்தன. நின்ற நிலையிலேயே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு போனார், நல்ல மனுஷர். கீழ்த்தட்டில் இருந்த மண் பொம்மைகள்தான் அகப்பட்டுக்கொண்டன. தசாவதாரம் முழுக்க இடுப்புக்குக் கீழே சாயம் போய் நின்றது. செட்டியார் பொம்மையின் வேட்டி கரைந்து, அவர் மானம் காக்க வெறும் களிமண் இருந்தது. என்னை நம்பி மச்சிலிருந்து இறங்கியவர்கள். அவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பாளையங்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்போது என்றுதான் மனசு ஓடியது.

மாமா ஒரு செட்டியாரைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு நீங்க கடைக்கு வரண்டாம் மாப்பிள்ள" என்றார்.

என் சாவி கழன்றது என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

"இங்க இருந்து இவனுக்கு வேட்டி உடுத்தி விடணும். பெயிண்டு நான் கொடுத்து விடுகேன்" என்றார். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தை சிரித்தாள், மீனா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருந்த தண்ணீரோடு தண்ணீராக முகத்தைக் கழுவிக்கொண்டேன். நானும் மீனாவும் நவராத்திரிக்கு முன் எல்லாருக்கும் வேட்டி உடுத்தி முடித்தோம். வராகரும் வாமனரும் ஒரே பச்சையில் நின்றார்கள், ஆனாலும் விற்றார்கள்.

அந்த நவராத்திரி கடைசியில் ஆயுத பூஜை வந்தது. தராசு, கத்தரிக்கோல், கடை ஸ்கூட்டர், தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் அத்தை மாலை போட்டாள். பம்பின் முறை வந்தபோது எல்லாரும் தயங்கினார்கள். போட்டால் வெள்ளம், போடாவிட்டால் குற்றம். "அதை ஓட்டுகது ஆரு?" என்று கேட்டாள் அத்தை. அதற்குப் பதிலாக மாமா அந்த மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டார். சந்தனம் வைத்தார். சாவிக்கொத்துக்கும் ஒரு பொட்டு வைத்து என் கையிலேயே கொடுத்தார்.

அதற்குப்பின் எந்த வருஷமும் அது தவறியதில்லை. ஆயுத பூஜை அன்று பேஸ்மென்ட் குழிக்குப் பக்கத்தில் நான் மாலையோடு நிற்பேன், அத்தை எனக்குச் சூடம் காட்டுவாள், மீனா ஃபோட்டோ எடுப்பாள். ஒரு ஃபோட்டோவை மாமா ஃப்ரேம் போட்டுக் கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். போன மாதம் ஒரு அம்மாள் கற்பூரம் வாங்க வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன் கல்யாண ஃபோட்டோவா? பொண்ணக் காணோமே?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் இல்ல. ஆயுத பூசை. ஆனா மகன்தான்."