சாலமோனின் கற்புக்கு ஒரு சர்டிபிகேட்

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை.

வாசுதேவநல்லூர் வட்டாரத்துக் கால்நடைகளின் கண்கண்ட வைத்தியரும் என் அக்காள் பெற்ற அருமைப் பிள்ளையுமான மருமகன் டாக்டர் ரெஜினுக்கு, தாய்மாமன் எஸ்ரா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அத்தையும், மூட்டுவலி நீங்கலாக, சுகம். நம் கழுதை சாலமோன் மட்டும் சுகமில்லை என்று நீ சொல்லிவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஏலே, என்ன காகிதம் அனுப்பியிருக்கே! 'இந்த ஆண் கழுதையிடம் பால்வினை நோய்க் கிருமி உள்ளது, பெட்டையோடு சேர்க்கக் கூடாது.' வாசித்ததும் தலை சுற்றியதில் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு என்னை மூணு தடவை சுற்றி வந்தது. சாலமோன் யார்? அவன் காதை நிமிர்த்தி நின்றால் கரண்ட் கம்பியை உயர்த்திக் கட்டணும். பிறந்து நாலு வருஷமா ஒரு பெட்டையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "ஆயிரம் பொண்டாட்டி கட்டின சாலமோன் ராஜா பேரை வச்சா வேற எப்படி இருக்கும்?" என்கிறாள் உன் அத்தை.

கழுதைப் பால் விற்கிற புளியங்குடி மம்மதுவுக்கு ஆறு பெட்டைகள். ஒரு வருஷமா ஒண்ணுகூடச் சினை பிடிக்கல. சினை இல்லாட்டா பால் ஏது? அதனால் சாலமோனைக் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்தச் சீக்கு இருந்தா ஆண் கழுதைக்கு வெளியே ஒண்ணும் தெரியாதாம், பெட்டைக்குக் கர்ப்பப்பையே புண்ணாயிருமாம். டாக்டர் காகிதத்தோட வாங்க" என்றார். "எங்க வம்சத்துக் கழுதைவே அது!" என்று கத்தினேன். "அது பார்த்தாலே தெரியுது அண்ணாச்சி, காகிதத்தைக் கொண்டாங்க" என்றார். அப்புறம்தான் லோடு ஆட்டோவில் ஏற்றி உன்னிடம் கொண்டுவந்தேன். நீ பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து லேபுக்கு அனுப்பி, பதினைந்தாம் நாள் மாமன் தலையில் கல்லைப் போட்டாய். சனிக்கிழமை மம்மது ஆறு பெட்டைகளோட இங்க வருதாரு. அவர் பிழைப்பே இதில்தான் இருக்கு. 'கிருமி இல்லை' என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ஞ்சா போகும்? உன் ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்தி நின்ற கை கேக்குதுலே!

நாலு ஜில்லாக் கால்நடையும் உன் பேர் சொல்லிக் கத்த, நீ நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
மானம் போன எஸ்ரா.

பி.கு.: உறையை ஒட்டவிடாமல் உன் அத்தை முறைக்கிறாள், சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன்னிடம் வந்தது சாலமோன் இல்லை. ரிசல்ட் எப்படி வருமோ என்று பயந்து, சுமை ஏற்றணும் என்று பொய் சொல்லி, மம்மதுவின் சொந்த ஆண் கழுதையை இரவல் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். (அவ்வளவு குட்டையா இருந்தும் சந்தேகப்படலையே, நீயெல்லாம் டாக்டரா?) அந்த ஆறு பெட்டைகளும் ஒரு வருஷமா அதனோடுதான் ஒரே கொட்டிலில் நிற்கின்றன. சனிக்கிழமை நீயே ஏழு குச்சியோடு வா: ஆறு அதுகளுக்கு, ஒண்ணு சாலமோனுக்கு. விஷயத்தை மம்மதுவிடம் நீயே சொல்லு. நான் சாலமோனுக்குப் பின்னால் நிற்கிறேன். உயரமான கழுதை, மறைக்கும்.