செல்வி அக்கா வீட்டில் இறங்கிய ஐஸ்

கேஸை அடைத்துவிட்டேன் என்று கண்ணால் பார்த்த பிறகும், பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை பார்க்கிற ரகம் நான். நன்றாக இருக்கிற ஒன்றை இன்னும் கொஞ்சம் நன்றாக்கப் போய் நாசம் பண்ணுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படி நான் பண்ணியதிலேயே பெரிய நாசம் கும்மிடிப்பூண்டியில் ஒரு சித்திரை வெயிலில் நடந்தது.

அப்போது ஒரு சின்ன டிரஸ்டில் வேலை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலனி. ஒரு காலத்தில் கழனி வேலைக்குப் போனவர்கள், இப்போது இரும்பு உருக்கும் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். பகலெல்லாம் உலை முன்னால் நின்றுவிட்டு வந்து, தகரக் கூரைக்குக் கீழே மறுபடி வேகிறவர்கள். அவர்களுக்காக எங்கள் என்ஜினியர் ஒரு வீடு வடிவமைத்திருந்தார். உள்ளே துளை விட்ட செங்கல் சுவர், கூரைக்குக் கீழே காற்றுத் துவாரம், மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு. மத்தியானத்தில்கூட ஃபேன் தேவையில்லை, கரண்ட் பில்லும் குறையும். மாதிரிக்கு ஒன்று கட்டி, கேன்டீனில் வேலை செய்யும் செல்வி அக்காவுக்குக் கொடுத்திருந்தோம்.

மும்பையிலிருந்து கடன் நிதி நிறுவனத்து மேடம் வந்து, அந்த வீட்டின் சூட்டை அளந்து பார்த்துத் தலையாட்டினால், இன்னும் இருபது குடும்பங்களுக்குக் குறைந்த வட்டியில் வீடு. ஆட்டாவிட்டால் தகரம்தான். வீடு குளுமையாகத்தான் இருந்தது. அந்த வாரம் மட்டும் மூன்று தடவை அளந்திருந்தேன். (நான்காவது தடவை அளக்கப் போனபோது செல்வி அக்கா, "ஊட்டுக்கு இன்னா சார், ஜொரமா?" என்று கேட்டார்.)

மேடம் வரும் காலையில் மறுபடி சந்தேகம். அவருடைய தெர்மாமீட்டர் வேறு மாதிரி காட்டினால்? இன்றைக்குப் பார்த்துக் காற்று நின்றுபோனால்? இருபது குடும்பமும் என் முகத்தைப் பார்க்குமே. நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு ஐஸ் பார் வாங்கி, கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். செல்வி அக்கா வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் ஐஸைத் தள்ளி, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மேடத்தை அழைத்து வர ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். என்னைவிடப் புத்திசாலி இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று ஒரு நினைப்பு வேறு.

மேடத்தோடு திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை. சரிதான், பக்கத்து வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள், மேடம் வந்த நேரத்திலா இப்படி என்று நொந்துகொண்டு, எதிர்வீட்டுக் கன்னியம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"யாரும்மா போயிட்டாங்க?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஐஸ எறக்கனதே நீங்கதான? செல்வி மாமியாதான். மணவாள நகர்ல பொண்ணு ஊட்டுக்கு வைத்தியத்துக்குப் போச்சே, மூச்சு முட்டுதுன்னு."

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஐஸ் பார் இறங்கினால் ஒரே ஒரு அர்த்தம்தான்: உள்ளே பிணம் இருக்கிறது. அது எனக்கும் தெரியும். சுவரையும் கூரையையும் பற்றியே கவலைப்பட்ட மண்டைக்கு அது மட்டும் தோன்றவில்லை.

"எந்த ஐஸ்?" என்றார் மேடம். திருநெல்வேலிக்காரர், தமிழ் நன்றாகவே புரிந்தது.

நான் பதில் சொல்வதற்குள் செல்வி அக்காவின் வீட்டுக்காரர் மூர்த்தி, கம்பெனி ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். உள்ளே போன் அனுமதி இல்லாததால் செக்யூரிட்டி மூலம் செய்தி போயிருக்கிறது. "கதவத் தொறங்க சார், எங்கம்மா மொகத்தப் பாக்கணும்" என்று என் காலைப் பிடித்தார். ஐஸ் எதற்கென்று மேடம் முன்னால் சொல்லவும் முடியாது. பூட்டைத் திறந்தேன். மொத்தக் கூட்டமும் உள்ளே நுழைந்தது. மேடம் கையிலிருந்த தெர்மாமீட்டர், அத்தனை பேரின் மூச்சில் ஏற ஆரம்பித்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்து மேடத்தின் ஷூவை நனைத்தது. கன்னியம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐஸு கீது. ஆளு எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் மூர்த்தியிடம், "அம்மாவுக்கு போன் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். யாருமே போட்டிருக்கவில்லை. போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"இன்னாடா இந்நேரத்துல? இப்பதான் சோறு துன்னுகினு கீறேன்" என்றது மாமியாரின் குரல்.

மூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஐஸ் எதுக்கு?"

"குடிக்கிறதுக்கு மேடம்."

"மீன் வாடை அடிக்குதே."

அதற்குள் செல்வி அக்காவும் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார், புருஷனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "மேடம், இந்த ஊடு ஐஸு இல்லாமலே நல்லாதான் கீது. இந்த சாருதான் சரியில்ல" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. நம்ப முடியாத அளவை எழுத முடியாது, அடுத்த கோடையில் மறுபடி வருகிறேன் என்று சொல்லி ஃபைலை மூடினார். சொன்னபடியே மறு வருடம், எனக்குச் சொல்லாமல், தனியாக வந்தார். மத்தியானம் முழுக்கச் செல்வி அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து அளந்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கியும் போனாராம். இருபது வீட்டுக்கும் கையெழுத்து ஆனது.

இன்றைக்கும் அந்தக் காலனியில் எந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். ஆனால் பால் பொங்கும்வரை நான் வாசலைத் தாண்டக் கூடாது. பொங்கிய பிறகும் என் பையைத் திறந்து பார்ப்பார்கள். "ஐஸு இல்ல, உள்ள உடு" என்று மூர்த்தி சத்தம் கொடுத்த பிறகுதான் அனுமதி. என் மனைவிகூட வீட்டில் ஃப்ரிட்ஜ் பக்கம் நான் போனால், "யாரு போயிட்டாங்க?" என்கிறாள்.

நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனாலும் அந்த இருபது குடும்பங்கள் இன்னொரு கோடையைத் தகரத்துக்குக் கீழே கழித்தது என்னால்தான். கன்னியம்மாவின் பேத்தி அப்போது கைக்குழந்தை, உடம்பெல்லாம் வேர்க்குரு. கன்னியம்மா வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று வழக்கம்போல வெளியே நின்றேன். பால் இன்னும் பொங்கவில்லை. அவரே எழுந்து வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாங்க சார். வெயில் எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்."

அந்த ஒரு கோடையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.