மகா இன்னும் வீடு திரும்பவில்லை

மர்பி டவுன்,
பெங்களூரு.

கிளாஸ்கோவில் உட்கார்ந்து நாவல் எழுதும் என் அண்ணன் மகள் சங்கமித்ராவுக்கு, சித்தப்பா முனிராஜ் ஜெய் பீம் சொல்லி எழுதுவது.

நீ அங்கே குளிருக்குத் தகுந்தபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது. ஆனால் இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டு எழுதும் முதல் கடிதத்தில் முதல் வரியே பொய்யாக இருக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். உன் சித்தி முத்தம்மாவுக்குச் சுகம் இல்லை. அதற்குக் காரணம் பாதி அவள் பித்தப்பையில் இருக்கும் கல். மீதி நீ.

பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனைத் தொட்டாலே முத்தம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு எனக்கு எழுதுவது பிடித்துப்போய்விட்டது. மெதுவாகத்தான் வருகிறது, வரட்டுமே. ‘ழ’ வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, வேண்டிய மட்டும் சுழித்துவிட்டுப் போகிறேன். என்ன அழகான எழுத்து! ரூபினிதான் ஆபீஸ் விட்டு வந்து அப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். படிக்க வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் தமிழில் படிக்க எனக்கு ஒன்றுமே கிடைக்காது என்று. பஸ் போர்டு கன்னடம், மருந்துச் சீட்டு இங்கிலீஷ். கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் எத்தனை நாள் படிப்பது? அந்த நேரம் பார்த்துத்தான் நீ, “சித்தப்பா, என் நாவலை நீங்கதான் முதல்ல படிச்சுச் சொல்லணும்” என்றாய். ரூபினி அச்செடுத்து வந்து கொடுக்க, நான் சாயங்காலம் சத்தமாகப் படிக்க, முத்தம்மா கேட்க, பக்கத்து வீட்டுப் பெண் பெட்டியும் காபி டம்ளரோடு வந்து உட்கார, மழை பெய்தாலும் கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் வாசிப்பு நிற்கவில்லை.

உன் நாவலில் வரும் மகா யாரென்று முத்தம்மா முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா? அதே தாடை மச்சம், ஆட்டோக்காரனோடு கன்னடத்தில் அதே சண்டை. “அடிப்பாவி, என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா பாரு!” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மகாவின் புருஷன் புத்தகம் முழுக்க இருமுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அது இப்போது வேண்டாம்.

வினை வந்தது, மகா வயிற்று வலிக்கு ஆபரேஷனுக்குப் போகும் அத்தியாயத்தில். நீ அதை எழுதி அனுப்பிய நேரம், இங்கே நிஜமாகவே முத்தம்மாவுக்கு வலி வந்து, ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல், ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் நான் படிக்க உட்கார்ந்தேன். மகா கிளம்புவதற்கு முன் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள் என்று எழுதியிருந்தாய். முத்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணியெல்லாம் மடித்து வைத்தாள் என்று எழுதியிருந்தாய். “இருய்யா, அவரைக்கா இருக்குல்ல, அத்த உட்டுட்டுப் போவா பாரு” என்றாள் முத்தம்மா. நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி அடுத்த வரிக்கு வருகிறேன். மகா அவரைப் பருப்பைக் கடைசி மணி வரைக்கும் தோல் பிதுக்கி முடித்தாள்.

“அய்யோ!” என்றாள் பெட்டி. “அடுப்பையாச்சும் தொடைக்காம உடுவாளா அங்கிள்?”

அடுப்பையும் துடைத்துவிட்டாள், மகளே. ‘செய்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. மகா கதவைப் பூட்டினாள்’ என்று முடித்திருந்தாய். நான் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன், அடுத்த தாளைத் தேடினேன், இல்லை.

அழகாக எழுதியிருப்பதாக நீ நினைத்திருப்பாய். படிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் குடும்பத்தில் யார் அப்படி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? கிளாஸ்கோ போனதும் மறந்துவிட்டாயா? ஒரு வேலையைப் பாதியில் விட்டுத்தான் நம் வீட்டில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது வழக்கம். அதை வேறு யாரும் தொடக்கூடாது, போனவர் திரும்பி வந்து முடிக்க வேண்டும். உன் அப்பா குடலிறக்கத்துக்குப் போனபோது ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு போய், நர்சுகள் எல்லாம் சிரித்து, வீட்டுக்கு வந்துதான் மறு கன்னத்தை மழித்தார். உன்னைப் பெற உன் அம்மா போனபோது மாவு பாதி ஆட்டியபடி கிடந்தது. அது புளித்துப் பொங்கி நாறியும் ஒருவரும் தொடவில்லை. அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துதான் ஆட்டுக்கல்லைக் கழுவினாள். நீ பிறந்த கதையையே நீ மறக்கலாமா?

“எல்லா வேலையும் முடிச்சிட்டுப் போனவ எங்கேருந்து திரும்பி வரப்போறா? மகா ஊட்டுக்கு வரட்டும், அப்புறம் நான் போறேன்” என்று முத்தம்மா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். டாக்டர் குறித்த நாள் போயிற்று. ரூபினி, “அம்மா, அது கதைம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “கதைன்னா மச்சம் எதுக்குடி என்னுது?” என்றாள் இவள். மறுபடி வலி வந்து இழுத்துக்கொண்டு போனோம். ஏன் அட்மிட் ஆகவில்லை என்று டாக்டர் கன்னடத்தில் சத்தம் போட்டார். இவளும் கன்னடத்திலேயே, “கதெ இன்னூ முகிதில்ல டாக்டரே” என்றாள். கதை இன்னும் முடியவில்லையாம்! டாக்டர் டிவி சீரியல் என்று நினைத்துக்கொண்டு, வார்டில் டிவி இருக்கிறது, இங்கேயே பார்க்கலாம் என்கிறார். வெளியே வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, கல் அடைத்துக்கொண்டால் ஆபத்து, இந்தத் திங்கட்கிழமையைத் தவறவிடக்கூடாது என்று சொன்னார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் ரூபினி கேட்டதற்கு, ஆஸ்பத்திரி அத்தியாயத்துக்கு அப்புறம் எழுத வரவில்லை, மாதக்கணக்காக அந்தக் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறேன் என்றாயாம். கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் பிழைத்தவன் நான், நாவல் எழுதுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அதனால் தைரியமாக நானே எழுதிவிடலாம் என்று இறங்கினேன். மகா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், ரசம் வைத்துச் சாப்பிடுகிறாள், நலமாக இருக்கிறாள். புருஷனுக்கும் பேச ஒரு நல்ல வாய்ப்புக் கொடுத்தேன். ரூபினியைக் கெஞ்சி அச்செடுத்து, “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று படித்தேன். பாதியில் முத்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இத யாரு எழுதினது?”

“சங்கமித்ராதான். வேற யாரு?”

“அவ எழுதினா நீ ஒவ்வொரு வரியிலயும் முட்டிக்கினு நிப்ப. இன்னிக்கு மட்டும் எப்படிய்யா தடதடன்னு ஓடுது?”

பெட்டி வேறு, “புருஷன் இவ்ளோ நேரம் பேசும்போதே நெனச்சேன் அங்கிள்” என்று சிரிக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் தடுமாறாமல் படித்த முதல் பக்கம் அது, அதற்குச் சந்தோஷப்பட்டுக்கொள்ளக்கூட விடவில்லை.

ஆகையால் மகளே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு பக்கம் போதும். அழகு வேண்டாம், ஆழம் வேண்டாம். மகா ஆட்டோவில் வந்து இறங்கட்டும், ஆட்டோக்காரனைத் திட்டட்டும், கதவைத் திறக்கட்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடு. புத்தகம் போடும்போது வேண்டுமானால் அடித்துவிடு, நாங்கள் கேட்கமாட்டோம். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் யாருக்குப் படித்துக் காட்டுவேன்? இந்த வரியில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

புத்தர் அருளால் உன் கையும் பேனாவும் நன்றாக இருக்கட்டும். உன் நாவல் நல்லபடியாக வெளிவந்து, வெள்ளைக்காரர்களும் அவரைப் பருப்பு என்றால் என்ன என்று கேட்கும்படி பெயர் எடுப்பாயாக. ரூபினி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
முனிராஜ்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே. போட்டோ எடுக்கும் முன்பு முத்தம்மா பார்த்துவிட்டு, முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள். ‘ஒரு பக்கம் போதும்’ என்ற இடத்தில் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். “அவ அங்க எழுதிப் பாதியில நிக்கறா, நான் இங்க பாதி கேட்டுட்டு நிக்கறேன். இதுக்கு மேல என்னய்யா பாதி வேலை வேணும்? கதையை இப்படியே உட்டுட்டுப் போறேன், வந்து மிச்சத்தக் கேட்டுக்கறேன். நான் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பேனாவத் தொடக்கூடாதுன்னு எழுது” என்றாள். பை எடுத்து வைத்தாகிவிட்டது, திங்கட்கிழமை போகிறோம். அவள் வீடு திரும்பும் வரைக்கும் நீ எவ்வளவு வேண்டுமானாலும் திணறு, உனக்குப் புண்ணியமாகப் போகும். ஒருவேளை இதற்குள் எழுதி முடித்துவிட்டிருந்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதே. எனக்கும் சொல்லாதே. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.