கணக்கில் வராத கடைக்குட்டி

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும், கணக்கு வாத்தியார் தன் கடைக்குட்டியைக் காலைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"மூச்சு விடக் கூடாது."

"விடாம எப்படிப்பா இருக்கறது?" என்றது கட்டில்.

மாடியை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த கீழ்வீட்டு அம்மாள் உள்ளே வந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வார்டன். அவ்வளவு சட்டம். தெருப்பக்க ஜன்னலைத் திறக்காதே, துணியை முன்பக்கம் காயப்போடாதே, பின்படியிலேயே போய் வா, அக்கம்பக்கத்தில் பேச்சு வைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகள் இரண்டுக்கு மேல் கூடாது.

வாத்தியாருக்கு மூன்று.

வீடு பிடிக்கும்போது படிவத்தில் 'குழந்தைகள்: 2' என்று போட்ட மகானுபாவர் அவரேதான். ஏழு வயதுக் கடைக்குட்டிக்கு இன்றுவரை பஸ்ஸில் டிக்கெட் எடுத்ததில்லை. "அஞ்சு இன்னும் முடியல சார்" என்று கண்டக்டர்களிடம் சொல்லிச் சொல்லி, அவருடைய கையும் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காமல் பழகிவிட்டது.

இணையத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டே ஒரு வருஷம் குடும்பத்தோடு வெளிநாடு சுற்றுவதாகத் திட்டம். இது ஏழாவது மாதம். ஊருக்கு ஒரு பல்வலி, நாட்டுக்கு ஒரு பேதி என்று நொந்துபோயிருந்த மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இந்த வீட்டையும் காலி பண்ணச் சொன்னா நேரா ஏர்போர்ட்தான். இன்னொரு வீடு தேட எனக்குத் தெம்பில்ல."

ஆனால் சொந்த ஊரில் ஆளுக்கொரு அறையில் முறைத்துக்கொண்டு கிடந்த அண்ணனும் தம்பியும், இங்கே ஒரே போர்வைக்குள் கதை பேசிச் சிரித்தார்கள். மூத்தவள் மூன்றே மாதத்தில் இந்த ஊர்ப் பாஷையில் சண்டையே போட்டாள். அதையெல்லாம் கேட்டால் வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இதை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

கட்டில் தும்மியது.

வாத்தியார் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு தானும் நாலு தும்மல் போட்டார். வார்டன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே போய், ஒரு மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"தினம் மூணு வேளையாம்பா. அவங்களே வந்து குடுப்பாங்களாம்" என்று மூத்தவள் மொழிபெயர்த்தாள்.

"வேணாம்னு சொல்லேன்."

"சொன்னேன். நாலு வேளை ஆக்கிட்டாங்க."

நாலு வேளையும் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் போட முடியுமா? மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். பையன்கள் இருவருக்கும் ஒரே மாதிரி முடிவெட்டி, ஒரே மாதிரி சிவப்புச் சட்டை. ஒருத்தன் வெளியே இருந்தால் இன்னொருத்தன் குளியலறையில். வார்டன் கண்ணுக்கு இரண்டும் ஒரே பையன்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் பையனுக்கு முன்பல் இருந்தது. மதியம் இல்லை. சாயங்காலம் மறுபடி முளைத்திருந்தது.

"பையனுக்கு என்ன வியாதின்னு கேக்கறாங்கப்பா."

"வளர்ற பையன்னு சொல்லு."

"அப்ப மத்தியானம் ஏன் குட்டையாயிட்டான்னு கேக்கறாங்க."

மறுநாள் வார்டன் அளவு டேப்போடு பின்படியில் வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் அதை மேலிருந்து பார்த்துவிட்டார்.

"ஓடுடா" என்று கத்தினார். யாரை என்று சொல்லவில்லை. கொல்லையில் இருந்தவன் மேலே ஓடினான், மேலே இருந்தவன் கீழே ஓடினான். இரண்டு சிவப்புச் சட்டைகளும் நடுப்படியில், வார்டன் மடியில் முட்டிக்கொண்டு விழுந்தன.

மனைவி உள்ளே போனாள். பெட்டியை எடுத்து வந்து மேல்படியில் வைத்தாள்.

வாத்தியார் இறங்கி வந்து மூத்தவளிடம் சொன்னார்: "எங்களுக்கு மூணு பிள்ளைங்கன்னு சொல்லும்மா. பொய் சொன்னது நான்தான். பசங்க இங்கதான் சந்தோஷமா இருக்காங்க. தயவுபண்ணி வெளிய அனுப்பிடாதீங்கன்னு சொல்லு."

மூத்தவள் சொன்னாள். வார்டன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நீளமாக என்னவோ பேசினாள்.

"என்னம்மா, காலி பண்ணணுமாமா?"

"இல்லப்பா. அவங்களே இங்க வாடகைக்குத்தான் இருக்காங்களாம். மாடி காலியா கிடக்குன்னு ஓனர்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்களாம். அவர் நாளைக்கு வர்றாராம். நீங்கதான் இதுல கைதேர்ந்த ஆளாச்சே, நம்ம அஞ்சு பேரையும் எங்க ஒளிக்கலாம்னு உங்களைத்தான் கேக்கறாங்க."