சுவிஸிலிருந்து ஆள் வருது

ஆரையம்பதி,
வியாழன், விடியற்காலை.

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அம்மா அன்னப்பூரணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தம்பி பிரதீஸும் அவன் பெண்சாதி பிள்ளையும் அம்மன் துணையால் சுகம். அங்கு நீயும் மருமகனும் பேத்திமாரும் குளிரில் விறைக்காமல் இருக்க அதே அம்மனைத்தான் வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் நீ சிரிப்பாய், என் கோபம் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கோபத்தைத் தாளில் எழுத எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நீ என்ன சொன்னாய்? பிரதீஸுக்குக் கடையில் புதன்தான் லீவு, அதனால் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை புதனில்தான் வரும், இந்தப் புதன் எல்லாரும் டவுனுக்குப் படம் பார்க்கப் போகிறோம் என்றேன். லீவு கேட்டிருக்கிறேன் என்றாய், ஆசையாக இருக்கு என்றாய், கடைசியில் "சரி அம்மா, அப்ப வாறன்" என்றாய். நான் வேறு என்னத்தை விளங்குவது? சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கப்போகிறாய் என்று நானும் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. பயற்றம் பணியாரம் சுட்டேன். ஒரு டிக்கட் கூடுதலாக எடு என்றேன். முழங்காலை நீட்டி வைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து பிரதீஸும் எடுத்துவிட்டான்.

கல்லடிப் பாலத்தில் எங்கள் ஆட்டோவை முந்திய வேன் ஒவ்வொன்றுக்குள்ளும் உன்னைத் தேடினேன். தியேட்டரில் பக்கத்துச் சீட்டில் பணியாரப் பெட்டியை வைத்துக் காவல் இருந்தேன். விளக்கு அணைந்த பிறகு ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார்.

"தாயே, இதில ஆரும் இரிக்காங்களா?"

"ஆள் வருது."

"எங்கயிரிந்து?"

"சுவிஸில இரிந்து."

கொஞ்சம் யோசித்தார். "இடைவேளைக்குள்ள வந்திருவாவா?"

வருவாள் என்றேன். அவரும் மரியாதையாக முன்வரிசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் படத்தையா பார்த்தேன், வாசல் திரைச்சீலையைத்தான் பார்த்தேன். அது விலகும்போதெல்லாம் எழும்பினேன். கச்சான் கடலைச் சுருளோடு வந்த ஒருத்திக்கு அப்படியே உன் நடை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விட்டேன். பின்னால் இருந்த சனம் என்னை இருக்கச் சொல்லி ஏசியது.

இடைவேளையில் பிரதீஸ் பெட்டியைப் பார்த்து இது ஆருக்கு என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"அம்மா, அது போனை வைக்கிறத்துக்குச் சொல்ற வாறன்" என்றான்.

பிற்பாதியில் தியேட்டரே சிரித்தது, நான் மட்டும் மூக்கைத் துடைத்தேன். அந்தப் பெரியவர் திரும்பி, இது பகிடிக் கட்டம் தாயே என்று விளக்கம் வேறு சொன்னார். பெயர் வினாயகமூர்த்தியாம். அவரையே உன் சீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். பணியாரம் முழுவதும் அவர் வயிற்றுக்குள்தான் போனது.

ஆகவே மகள், இனிமேல் போனை வைக்கும்போது வாறன் என்று சொல்லாதே. போறன் என்று சொல்லு. சொல்லக் கூடாத சொல்தான், இருக்கட்டும். அப்படிச் சொன்னால் நானும் ஒழுங்காக ஒரு படத்தைப் பார்ப்பேன். லீவுக்கும் அந்தரப்பட்டு ஓடித்திரியாதே. பேத்திமாரின் படிப்புத்தான் முக்கியம். எனக்கு இங்கு ஒரு குறையும் இல்லை.

மருமகனைக் கேட்டதாகச் சொல்லு. பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வை. எல்லாரும் நல்லா இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

அம்மா

பி.கு.: மேலே எழுதியதை விடு. போறன் என்று மட்டும் சொல்லிப்போடாதே, மனே. வாறன் என்றே சொல்லு. வருகிற புதனுக்கும் ஒரு டிக்கட் கூட எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முழங்காலுக்குத்தான்.