விசில் வராத சாம்பார் சாதம்

'எளிய இரவு உணவு' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. சமையல் எளிது என்று சொல்பவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால், சரியாகக் கண் சொருகும் நேரத்தில் மாடிவீட்டுக்காரர் சுவரில் துளை போட ஆரம்பிக்கிறாரே, அந்தப் பாக்கியம் பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு வெந்நீர் வைப்பதே பெரிய வேலை. (வைத்ததில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன்.)

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி ஏறிவரும் கன்வேயர் பெல்ட்டைக் கவனிப்பது என் வேலை. பெல்ட்டில் லேசாகப் புகை தெரிந்தால் எப்படிக் கத்த வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும், யார் தலை எண்ண வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் ரிட்டயர்மென்ட் வரை யோசிப்பேன்.

இப்படிப்பட்டவனை அடுப்படிக்குத் தள்ளியது என் மகள் கயல். சென்னையில் தன்னோடு வேலை பார்த்த பிரபுவை அவளுக்குப் பிடித்திருந்தது. குறிஞ்சிப்பாடிப் பையன். தகப்பன் இல்லை, அம்மா மல்லிகா தறியில் உட்கார்ந்து வளர்த்த ஒரே பிள்ளை. கயல் அவனுக்கு வைத்தது ஒரே நிபந்தனை: கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரிச் சமையல் அவன் பொறுப்பு. "இப்பவே நான்தானே சமைக்கிறேன்" என்று அவனும் சொல்லிவிட்டான்.

"எம்புள்ள நல்லாத்தான் சமைப்பான். உங்க வூட்ல ராத்திரிக்கு யாரு சமைக்கிறா?" என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார்.

என் மகள், பெற்ற தகப்பனைப் பற்றித் துளியும் யோசிக்காமல், "எங்கப்பாதான் ஆன்ட்டி" என்று அடித்துவிட்டாள்.

"அப்டியா! அப்ப ஒரு நா ராத்திரி வந்து அவரு கையால சாப்புட்டுட்டு, அப்புறமா கல்யாணத்தப் பேசிக்கலாம்."

வந்தது புரட்டாசிச் சனிக்கிழமை. வேறு மாதமாக இருந்தால் மந்தாரக்குப்பத்தில் பிரியாணி வாங்கி, பாத்திரத்தில் கொட்டி, முகத்தில் கொஞ்சம் மசாலாவைத் தடவிக்கொண்டு நின்றிருப்பேன். புரட்டாசியில் முட்டைக்குக்கூட வழியில்லை. என் மனைவி சாந்தி காய் நறுக்கி, பருப்பும் அரிசியும் ஊறவைத்து, பொடியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"சாம்பார் சாதம். எல்லாத்தையும் குக்கர்ல போட்டு மூடுங்க. விசில் வந்ததும் நிறுத்துங்க. அவ்ளோதான். இதுக்கு மேல நான் உள்ள கால் வெக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு."

(இந்த 'அவ்ளோதான்' என்ற சொல்லை நம்பித்தான் நாட்டில் பாதிப் பேர் நாசமாகிறார்கள்.)

எங்கள் வீட்டில் மூன்று பர்னர் அடுப்பு. குமிழைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும். முன்னால் பெரிய குக்கரை ஏற்றினேன். பின்னால் சின்ன பர்னரில், காலையில் தோசை சுட்ட கல் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழைத் திருகினேன். 'டப்'பென்று சத்தம். குக்கரை ஒட்டி நீலமாக ஏதோ தெரிந்தது. திருப்தியோடு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தேன்.

"அண்ணே, இன்னும் விசில் வரலியே?" பிரபுவோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்த மல்லிகா குரல் கொடுத்தார்.

கண்ணைத் திறந்து, "எங்க குக்கர் கொஞ்சம் நிதானம்மா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, குக்கரின் தலைக்கு மேல் புகை. விசில் இல்லை, புகை இருக்கிறது. அடைத்துக்கொண்டுவிட்டது, வெடிக்கப் போகிறது! எனக்குள் இருந்த சமையல்காரன் அங்கேயே செத்தான். பெல்ட் ஆபரேட்டர் எழுந்தான்.

"எல்லாரும் வெளிய! வெளிய! அசெம்பிளி பாயிண்ட்!"

வேறு ஊரில் இப்படிக் கத்தினால் 'என்ன சார் ஆச்சு' என்று கேட்பார்கள். எங்கள் பிளாக்கில் யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் ஷிஃப்ட்காரர்கள். சொல் காதில் விழுந்ததுமே கால் நடந்துவிடும். மாடிவீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்தார். யாரோ வாசலில் மணல் வாளியோடு நின்றார். ஒன்றுகூடும் இடமான பேட்மிண்டன் கோர்ட்டில் தெருவே வரிசை கட்டியது. எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவன் நான். கையில் அப்பளப் பாக்கெட்.

எதிர்வீட்டு முருகேசன் திருநெல்வேலிக்காரர். டூட்டியில் தலை எண்ணுவது அவர்தான். லுங்கியோடு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல எத்தன பேரு?"

"அஞ்சு."

"நாலு பேருதான நிக்கிய? ஒரு ஆளு கொறையுதுல்லா!"

நான், சாந்தி, கயல், பிரபு. விருந்துக்கு வந்த பெண்மணியை வெடிக்கப்போகிற குக்கரோடு விட்டுவிட்டு நான் ஓடிவந்திருக்கிறேன்!

"அம்மா!" என்று பிரபு பாய்ந்தான். அதற்குள் மல்லிகா படியிறங்கி வந்தார். கையில் துணி சுற்றிப் பிடித்த தோசைக்கல், இன்னும் புகைந்துகொண்டு.

"எதுக்கு எல்லாரும் நிக்கிறீங்க? தோசக்கல்லுதான் காஞ்சிகினு இருந்திச்சி. குக்கருக்கு அடியில அடுப்பே எரியல."

முதலில் சிரித்தது மணல் வாளி. பிறகு தெருவே சிரித்தது.

மல்லிகா சிரிக்கவில்லை. கல்லைத் தரையில் வைத்துவிட்டுக் கயலைப் பார்த்தார். "ஏம்மா, தெனம் சமைக்கிறது இவருதானா?"

"இல்ல ஆன்ட்டி" என்றாள் கயல், குனிந்த தலையோடு. "இன்னிக்குத்தான் மொதத் தடவ."

முடிந்தது என்று நினைத்தேன். என் மகளின் கல்யாணத்தை ஒரு தோசைக்கல்லை வைத்து நிறுத்திவிட்டேன்.

மல்லிகா பெருமூச்சு விட்டார். "போவட்டும். எம்புள்ள மட்டும் என்னா? பாலு பொங்குனாக்கூட என்னத்தான் கூப்புடுவான். உனுக்குப் புடிக்கும்னு நானும் சேந்து புளுகிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. கயலுக்குச் சாமி வந்தது.

"அப்ப டெய்லி வீடியோ கால்ல காட்டுன கொழம்பு?"

"அது... மெஸ் கொழம்பு" என்றான் பிரபு.

"எங்கம்மா ஒருத்தி இப்படியே கஷ்டப்பட்டது போதும். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சாந்தி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி அப்பளத்தைப் பார்த்தேன்.

மல்லிகாதான் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார். "நின்னுகினு இருந்தா? உள்ள போயி ஆக்கு. அண்ணே, நீங்களும் போங்க."

போனோம். இந்த முறை குமிழைத் திருகியதும் இருவரும் குனிந்து பார்த்தோம். ஜன்னலில் முருகேசன் தலைமையில் தெருவே நின்று பார்த்தது. விசில் வந்தபோது கைதட்டினார்கள். நான் போட்டது தெரியாமல் பிரபுவும் உப்புப் போட்டிருந்தான். கடலூர்க் கடலே தட்டில் இருந்தது. கயல் சாப்பிட்டாள். கடைசியில் தயிரைக் கேட்டு வாங்கி, "அடுத்த சனிக்கெழமையும் வந்து நீதான் சமைக்கணும்" என்று பிரபுவிடம் சொன்னாள். அதற்குப் பெயர் சம்மதம் என்று சாந்தி எனக்குப் பிறகு விளக்கினாள்.

பல சனிக்கிழமைகள் வந்தான், பழகினான், கல்யாணம் ஆனது. இப்போது அவன் வைக்கும் வத்தக்குழம்புக்கு நான் வரிசையில் நிற்கிறேன். எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை ராத்திரி என் முறை என்று சாந்தி அறிவித்துவிட்டாள். (லீவு கிடையாது. கேட்டுப் பார்த்தேன்.)

போன வருஷம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் கண் கலங்கி நிற்க, சம்பந்தியம்மா குழந்தையைத் துணியோடு என் கையில் வைத்தார்.

"அண்ணே, இனிமே நாம ஆறு பேரு. அடுத்த வாட்டி ஓடறப்ப எண்ணிட்டு ஓடுங்க."